திரைப்பட மதிப்பெண்

திரைப்பட மதிப்பெண் என்பது, ஒரு திரைப்படத்தைப் பார்த்தவர் அதன் தரம் பற்றித் தாம் கொண்ட கருத்தை எண், நட்சத்திரம், எழுத்து, விரற்குறி ஆகியவற்றுள் ஒன்றின் வாயிலாகச் சுருக்கித் தெரிவிக்கும் முறையாகும். தொடக்கத்தில் இதழ்களில் எழுதும் திறனாய்வாளர்கள் மட்டுமே இம்முறையைக் கையாண்டனர். 1990களில் இணையம் பரவத் தொடங்கிய பின்னர், அண்மையில் பார்த்த படத்துக்கு மதிப்பெண் இட்டு, காரணத்தையும் ஓரிரு வரிகளில் எழுதிப் பகிர்ந்துகொள்வது திரைப்பட ஆர்வலர்களிடையே உலகெங்கும் வழக்கமாயிற்று.

பலர் அளித்த மதிப்பெண்களைத் தொகுத்துப் பெறும் ஒற்றை எண், படத்தின் தரத்தை நேரடியாக அளந்து கூறுவதாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் அவ்வெண் யாரிடம், எப்போது, என்ன கேள்வி கேட்கப்பட்டது என்பதையும், விடைகள் எவ்வாறு கணக்கிடப்பட்டன என்பதையும் பொறுத்தது. ஒரே படம் ஓரிடத்தில் உயர்வாகவும் மற்றோரிடத்தில் தாழ்வாகவும் மதிப்பெண் பெறுவதற்கு இதுவே காரணமாகும்.

அளவுகோல்களின் வகைகள்

நடைமுறையில் உள்ள அளவுகோல்களைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

எண் அளவுகோல்: பத்துக்கு அல்லது நூறுக்கு இத்தனை என்று மதிப்பெண் தருவது. ஐஎம்டிபி எனப்படும் இணையத் திரைப்படத் தரவுத்தளத்தில் பயனர்கள் 1 முதல் 10 வரை மதிப்பெண் இடுகின்றனர். அங்குச் சுழியம் கிடையாது. எனவே அந்த அளவுகோலின் நடுப்புள்ளி 5 அன்று, 5.5 ஆகும்.

நட்சத்திர அளவுகோல்: மூன்று, நான்கு அல்லது ஐந்து நட்சத்திரங்களை உச்சமாகக் கொண்டு மதிப்பிடுவது. அரை நட்சத்திரமும் வழங்கப்படும் இடங்களில் ஐந்து நட்சத்திர அளவுகோல் பத்துப் படிகள் கொண்டதாகிறது.

எழுத்துத் தரம்: பள்ளித் தேர்ச்சி அறிக்கையைப் போல ஏ, பி, சி எனத் தரமிடுவது.

இருநிலை அளவுகோல்: 'பார்க்கலாம்', 'வேண்டா' என்னும் இரண்டே முடிவுகளைக் கொண்டது. கட்டைவிரலை உயர்த்துவதும் தாழ்த்துவதும் இவ்வகையைச் சேர்ந்தவை.

வரலாறு

இதழ்களில்

திரைப்படங்களுக்கு நட்சத்திரக் குறியிடும் வழக்கம் அமெரிக்காவின் நியூயார்க் டெய்லி நியூஸ் நாளிதழில் 1928 ஆம் ஆண்டு சூலை மாதம் தொடங்கியது. அந்நாளிதழின் திறனாய்வாளரான ஐரீன் தைரர், மூன்று நட்சத்திரங்களை உச்சமாகக் கொண்ட அளவுகோலில் 'தி போர்ட் ஆஃப் மிஸ்ஸிங் கேர்ள்ஸ்' என்னும் படத்துக்கு ஒரு நட்சத்திரம் வழங்கினார். 1950களில் பிரான்சின் 'காய்யே து சினிமா' இதழ், பத்துப் பேர் ஒவ்வொரு படத்துக்கும் அளித்த குறிகளை ஒரே அட்டவணையில் அடுத்தடுத்து அச்சிட்டது. யாரும் யாரோடும் முழுமையாக உடன்படுவதில்லை என்பது அவ்வட்டவணையைப் பார்த்த வாசகர்களுக்கு உடனே விளங்கிற்று. சராசரி ஒன்றைக் கணக்கிட்டு வேறுபாட்டை மறைக்காமல் அதனை அப்படியே காட்டியது இம்முறையின் சிறப்பாகும்.

தமிழில் ஆனந்த விகடன் வார இதழ் பல ஆண்டுகள் நூறுக்கு மதிப்பெண் வழங்கி வந்தது. பாரதிராசா இயக்கத்தில் 1977 இல் வெளிவந்த '16 வயதினிலே' திரைப்படத்துக்கு அவ்விதழ் 62.5 மதிப்பெண் அளித்தது. இது அவ்விதழ் வழங்கியவற்றுள் மிக உயர்ந்ததாகப் பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. பள்ளித் தேர்வில் 62 மதிப்பெண் நடுத்தரமானது. ஆனால் அவ்விதழின் அளவுகோலில் ஐம்பதைத் தாண்டுவதே சிறப்பாகக் கருதப்பட்டது. தொடர்ந்து படித்துவந்த வாசகர்கள் இதனை அறிந்திருந்ததால், நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையிலுள்ள ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் உரிய பொருளை அவர்களால் உணர முடிந்தது. மதிப்பெண்ணின் பொருள் அந்த எண்ணில் மட்டும் இல்லை, அதனை வழங்குபவரின் நீண்டகால வழக்கத்திலும் இருக்கிறது என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

தொலைக்காட்சியில்

சிகாகோ நகரின் இருவேறு நாளிதழ்களைச் சேர்ந்த ரோஜர் ஈபர்ட், ஜீன் சிஸ்கல் ஆகிய திறனாய்வாளர்கள் 1970களின் நடுப்பகுதி முதல் தொலைக்காட்சியில் இணைந்து படங்களை அலசினர். கட்டைவிரலை உயர்த்தியோ தாழ்த்தியோ தீர்ப்பளிக்கும் அவர்களது முறை 1980களில் அமெரிக்கா முழுவதும் புகழ்பெற்றது. இருவரும் விரலை உயர்த்தினால் அதனைத் திரைப்பட நிறுவனங்கள் விளம்பரங்களில் பெரிதாக அச்சிட்டன. எனினும் நிகழ்ச்சியின் சுவை இருவரும் மாறுபட்டு வாதிட்ட வேளைகளிலேயே மிகுந்திருந்தது.

ஈபர்ட் தமது நாளிதழ்ப் பத்திகளில் நான்கு நட்சத்திர அளவுகோலைக் கையாண்டார். தாம் வழங்கும் நட்சத்திரங்கள் முழுமையானவை அல்ல, ஒப்பீட்டு முறையிலானவை என்று அவர் விளக்கியுள்ளார். ஒரு வேடிக்கைப் படத்தை அதே வகையைச் சேர்ந்த மற்ற வேடிக்கைப் படங்களுடன்தான் ஒப்பிட வேண்டும் என்பதும், அது தன் நோக்கத்தை எவ்வளவு நிறைவேற்றியது என்பதே கேள்வி என்பதும் அவரது நிலைப்பாடு.

இணையத்தில்

இணையத் திரைப்படத் தரவுத்தளம், ரசிகர்களின் பொழுதுபோக்கு முயற்சியாகத் தோன்றியதாகும். யூசுநெட் எனப்படும் கணினிவழிக் குழுவில் திரைப்பட ஆர்வலர்கள் நடிகர்கள், இயக்குநர்கள் முதலியோர் பற்றிய பட்டியல்களைத் தொகுத்து வந்தனர். அவற்றைத் தேடிப் பார்க்க உதவும் நிரல்களை இங்கிலாந்தைச் சேர்ந்த கோல் நீடம் 1990 அக்டோபரில் வெளியிட்டார். 1993 இல் இத்தரவுத்தளம் வேல்சின் கார்டிஃப் நகரிலுள்ள பல்கலைக்கழகக் கணினி ஒன்றிலிருந்து உலகளாவிய வலைக்கு வந்தது. 1998 இல் அமேசான் நிறுவனம் இதனை வாங்கியது.

1998 ஆகத்து மாதம் சென் துவோங் என்பவர் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தைத் தொடங்கினார். ஜாக்கி சானின் ரசிகரான அவர், அந்நடிகரின் படங்கள் பற்றி அமெரிக்க இதழ்கள் எழுதியவற்றை ஓரிடத்தில் திரட்ட விரும்பியதே இதன் தொடக்கம். 2001 இல் மெட்டாகிரிட்டிக் தளம் வெளிவந்தது. 2011 இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரைச் சேர்ந்த இருவர் லெட்டர்பாக்ஸ்டு தளத்தை உருவாக்கினர். பார்த்த படத்தை நாட்குறிப்பைப் போலத் தேதியுடன் பதிந்து, அரை நட்சத்திரம் முதல் ஐந்து நட்சத்திரம் வரை வழங்கி, கருத்தையும் எழுதும் வசதி இதில் உள்ளது.

கணக்கிடும் முறைகள்

கூட்டுச் சராசரி

எல்லா மதிப்பெண்களையும் கூட்டி, வாக்களித்தோர் எண்ணிக்கையால் வகுப்பது மிக எளிய முறையாகும். இதன் குறைபாடு, வாக்குகள் குறைவாக இருக்கும்போது வெளிப்படும். படக்குழுவின் உறவினர்கள் பத்துப் பேர் ஆளுக்குப் பத்து மதிப்பெண் அளித்தால் அப்படம் உலகின் தலைசிறந்த படமாகிவிடும்.

நிறையிட்ட சராசரி

மேற்கண்ட குறையைப் போக்க, ஐஎம்டிபி தனது தலைசிறந்த 250 படங்களின் பட்டியலுக்கு வேறொரு கணக்கைப் பயன்படுத்துகிறது. ஒவ்வொரு படத்தின் சராசரியும் அனைத்துப் படங்களின் பொதுச் சராசரியை நோக்கி ஓரளவு இழுக்கப்படுகிறது. வாக்குகள் பெருகப் பெருக இந்த இழுப்பு குறைகிறது.

எடுத்துக்காட்டாக, பொதுச் சராசரி 7.0 எனவும், பட்டியலில் இடம்பெறத் தேவையான குறைந்தபட்ச வாக்குகள் 25,000 எனவும் கொள்வோம். ஒவ்வொரு படத்துக்கும் பொதுச் சராசரி அளவில் 25,000 கற்பனை வாக்குகள் கூடுதலாகச் சேர்க்கப்படுகின்றன.

முதற் படம்: சராசரி 9.0, வாக்குகள் 25,000. உண்மை வாக்குகளும் கற்பனை வாக்குகளும் சம அளவு என்பதால் இறுதி மதிப்பெண் 9.0 க்கும் 7.0 க்கும் நடுவே, அதாவது 8.0.

இரண்டாம் படம்: சராசரி 8.5, வாக்குகள் 4,75,000. மொத்தத்தில் கற்பனை வாக்குகள் 5 விழுக்காடு மட்டுமே. இறுதி மதிப்பெண் ஏறத்தாழ 8.43.

எனவே சராசரியில் பின்தங்கிய இரண்டாம் படமே பட்டியலில் முந்துகிறது. பலர் பார்த்து உறுதிப்படுத்திய கருத்துக்கு மிகுந்த நம்பகத்தன்மை உண்டு என்பதே இக்கணக்கின் அடிப்படை. ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் காட்டப்படும் மதிப்பெண்ணுக்கும் இத்தளம் ஒருவகை நிறையிடலைக் கையாள்கிறது. முறைகேடுகளைத் தவிர்க்கும் பொருட்டு அதன் முழு விவரம் வெளியிடப்படுவதில்லை.

2021 நவம்பரில் வெளிவந்த 'ஜெய் பீம்' தமிழ்த் திரைப்படம் சில நாட்களிலேயே ஐஎம்டிபியில் 9.6 மதிப்பெண்ணைத் தொட்டது. நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த 'தி ஷாஷாங்க் ரிடம்ப்சன்' படத்தின் 9.3 ஐ விட இது மிகுதி என்பது செய்தியாயிற்று. முன்னதற்கு அப்போது சில பத்தாயிரம் வாக்குகளே இருந்தன. பின்னதற்கு இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் இருந்தன. வாக்குகள் பெருகியபோது 'ஜெய் பீம்' படத்தின் மதிப்பெண் ஒன்பதுக்குக் கீழே இறங்கியது. இதனைப் படத்தின் தரம் குறைந்ததாகக் கொள்ளலாகாது. முதலில் வாக்களித்தவர்கள் படத்தை ஆவலுடன் எதிர்பார்த்திருந்தவர்கள், பின்னர் வந்தவர்கள் பல்வகைப்பட்டவர்கள் என்பதே வேறுபாடு.

ஒப்புதல் விழுக்காடு

ராட்டன் டொமேட்டோஸ் தளம் திறனாய்வாளர்களுக்காகக் காட்டும் எண் சராசரி அன்று. எழுதப்பட்ட திறனாய்வுகளுள் எத்தனை விழுக்காடு படத்துக்கு ஆதரவானவை என்பதையே அது தெரிவிக்கிறது. 60 விழுக்காடும் அதற்கு மேலும் பெற்ற படம் 'புதியது' என்றும், குறைவாகப் பெற்றது 'அழுகியது' என்றும் தக்காளிப் படத்துடன் குறிக்கப்படும்.

சராசரிக்கும் ஒப்புதல் விழுக்காட்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பத்துப் பார்வையாளர்களைக் கொண்டு விளக்கலாம். ஆறும் அதற்கு மேலும் ஆதரவு எனக் கொள்க.

அ என்னும் படத்துக்குப் பத்துப் பேரும் ஆளுக்கு 6 மதிப்பெண் அளிக்கின்றனர். சராசரி 6.0. ஒப்புதல் 100 விழுக்காடு.

ஆ என்னும் படத்துக்கு ஏழு பேர் 10 மதிப்பெண்ணும் மூன்று பேர் 2 மதிப்பெண்ணும் அளிக்கின்றனர். சராசரி 7.6. ஒப்புதல் 70 விழுக்காடு.

யாரையும் ஏமாற்றாத, ஆனால் யாரையும் பெரிதும் கவராத அ படம் ஒப்புதலில் முழு மதிப்பைப் பெறுகிறது. பலரை நெகிழச் செய்து சிலரை எரிச்சலூட்டிய ஆ படம் பின்தங்குகிறது. இவ்விரு எண்களும் சரியானவையே. 'ஏமாற்றமடையாமல் வீடு திரும்புவேனா?' என்பதற்கு ஒப்புதல் விழுக்காடும், 'எவ்வளவு பிடித்தது?' என்பதற்குச் சராசரியும் விடை கூறுகின்றன.

1941 இல் வெளிவந்த 'சிட்டிசன் கேன்' திரைப்படம் இத்தளத்தில் 100 விழுக்காடு பெற்றிருந்தது. அதே 1941 ஆம் ஆண்டு சிகாகோ நாளிதழ் ஒன்றில் வெளியான எதிர்மறையான திறனாய்வு கண்டெடுக்கப்பட்டுச் சேர்க்கப்பட்டதனால், 2021 இல் அது 99 விழுக்காடாகக் குறைந்தது. எண்பது ஆண்டுப் பழைய ஒற்றைக் கருத்து முழு மதிப்பை நீக்கிய செய்தி அப்போது பலராலும் பேசப்பட்டது.

மெட்டாகிரிட்டிக் தளம் திறனாய்வுகள் ஒவ்வொன்றையும் நூறுக்கு மதிப்பெண்ணாக மாற்றி, திறனாய்வாளரின் தகுதிக்கேற்ப நிறையிட்டுச் சராசரி காண்கிறது. மதிப்பெண் இடாமல் எழுதப்பட்ட திறனாய்வுகளுக்குத் தளத்தின் பணியாளர்களே படித்துப் பார்த்து எண் வழங்குகின்றனர். ரிச்சர்டு லிங்க்லேட்டர் இயக்கிய 'பாய்ஹுட்' (2014) இத்தளத்தில் 100 பெற்ற அரிய படங்களுள் ஒன்றாகும்.

திரையரங்கில் எடுக்கும் கணிப்பு

சினிமாஸ்கோர் என்னும் அமெரிக்க நிறுவனம், படம் வெளியாகும் முதல் நாளன்று சில நகரங்களின் திரையரங்குகளில் பார்வையாளர்களிடம் அட்டைகளை வழங்கி, தரம், வயது, பால், படத்துக்கு வந்த காரணம் ஆகியவற்றைக் கேட்டுப் பெறுகிறது. இதனை நிறுவிய எட் மின்ட்ஸ், 1978 இல் திறனாய்வுகளை நம்பிப் பார்த்த ஒரு நகைச்சுவைப் படம் ஏமாற்றம் அளித்ததால், சாதாரணப் பார்வையாளர்களின் கருத்தைத் திரட்ட எண்ணினார்.

இங்குத் தரம் ஏ பிளஸ் முதல் எஃப் வரை அமையும். முதல் நாளே வருபவர்கள் பெரும்பாலும் அப்படத்தை விரும்பி வருபவர்கள் என்பதால் தரங்கள் பொதுவாக உயர்வாகவே இருக்கும். பி என்பதே ஐயத்துக்குரிய அறிகுறியாகவும் சி என்பது தோல்வியின் அறிகுறியாகவும் திரைத்துறையினரால் கருதப்படுகிறது. இத்தரம் படத்தின் கலைத்தன்மையை அளப்பதில்லை. பார்வையாளர் எதிர்பார்த்து வந்ததும் பெற்றதும் எவ்வளவு பொருந்தின என்பதையே அளக்கிறது. டாரன் அரனாஃப்ஸ்கி இயக்கிய 'மதர்!' (2017) திறனாய்வாளர் பலரின் பாராட்டைப் பெற்றும் சினிமாஸ்கோரில் எஃப் பெற்றது. வழக்கமான திகில் படத்தை எதிர்பார்த்து வந்தவர்கள் உருவகக் கதையொன்றைக் கண்டது இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது.

மதிப்பெண் மாறுபடக் காரணங்கள்

வாக்களிப்போரின் தன்விருப்பத் தேர்வு: மதிப்பெண் இடுமாறு யாரும் கட்டாயப்படுத்தப்படுவதில்லை. மிகவும் பிடித்தவர்களும் மிகவும் வெறுத்தவர்களும் வாக்களிக்க முனைவர். 'பரவாயில்லை' என்று எண்ணியவர்கள் பேசாமல் இருந்துவிடுவர். மேலும் இணைய வசதியும் இப்பழக்கமும் உடையவர்களின் கருத்தே பதிவாகிறது. ஐஎம்டிபி முன்னர் வாக்குகளைப் பால், வயது வாரியாகப் பிரித்துக் காட்டியபோது, பெரும்பாலான படங்களில் ஆண்களின் வாக்குகளே மிகுந்திருந்தன. பாட்டியும் பேத்தியும் சேர்ந்து கண்டு மகிழ்ந்த குடும்பப் படத்துக்கு அவ்விருவரின் வாக்குகளும் பதிவாகாமல் போவது இயல்பு.

காலம்: வெளியான வாரத்தில் இடும் மதிப்பெண்ணும் பத்தாண்டுகள் கழித்து இடும் மதிப்பெண்ணும் ஒத்திருப்பதில்லை. 'தி ஷாஷாங்க் ரிடம்ப்சன்' 1994 இல் திரையரங்குகளில் வசூல் ஈட்டத் தவறியது. ஏழு பிரிவுகளில் ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டும் ஒன்றையும் பெறவில்லை. ஒளிநாடாக்கள் வாயிலாகவும் தொலைக்காட்சி மறு ஒளிபரப்புகள் வாயிலாகவும் அது மெல்ல மெல்லப் பார்வையாளர்களைச் சென்றடைந்தது. தமிழில் கமல்ஹாசன் நடித்த 'அன்பே சிவம்' (2003) வெளியானபோது வணிக வெற்றி பெறாமல், பின்னர் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்டு ரசிகர்களிடம் உயர்ந்த மதிப்பைப் பெற்றது.

பழக்கம்: சிலர் எல்லாப் படங்களுக்கும் ஏழுக்கு மேல் அளிப்பர். சிலர் ஐந்தைத் தாண்டுவது அரிது. தாராளமாக இடுபவரின் எட்டும் கண்டிப்பானவரின் ஆறும் ஒரே கருத்தைக் குறிக்கக்கூடும்.

நினைவு: நேற்றுப் பார்த்த படத்துக்கு மதிப்பெண் இடுபவர் அதன் குறைகளையும் நினைவில் கொண்டிருக்கிறார். பல ஆண்டுகளுக்கு முன் பார்த்த படங்களை மதிப்பிடுபவருக்கு மனத்தில் தங்கியவை மட்டுமே நினைவுக்கு வருகின்றன. பழைய படங்கள் சராசரியாகக் கூடுதல் மதிப்பெண் பெறுவதை நெட்ஃபிளிக்ஸ் தரவுகளை ஆராய்ந்தவர்கள் கண்டுள்ளனர்.

முறைகேடுகளும் தடுப்பு நடவடிக்கைகளும்

2008 சூலையில் 'தி டார்க் நைட்' வெளியானபோது, அதன் ரசிகர்கள் பெருந்திரளாகப் பத்து மதிப்பெண் அளித்து ஐஎம்டிபி பட்டியலின் முதலிடத்துக்கு அதனைக் கொண்டு சென்றனர். அதுவரை முதலிடத்தில் இருந்த 'தி காட்ஃபாதர்' படத்துக்குச் சிலர் ஒற்றை மதிப்பெண் இட்டுக் கீழிறக்கினர். அப்படத்தின் ஆதரவாளர்களும் பதிலுக்கு அவ்வாறே செய்தனர். இப்பூசல் ஓய்ந்தபோது இரண்டையும் முந்தி மூன்றாவதான 'தி ஷாஷாங்க் ரிடம்ப்சன்' முதலிடத்தைப் பிடித்தது.

படத்தைப் பார்க்காமலேயே திட்டமிட்டுக் குறைந்த மதிப்பெண்களைக் குவிப்பது 'மதிப்பெண் தாக்குதல்' எனலாம். 2019 இல் 'கேப்டன் மார்வெல்' வெளியாவதற்கு முன்பே அதற்கு எதிரான பதிவுகள் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் குவிந்தன. அவ்வாண்டு பிப்ரவரியில், வெளிவராத படங்களுக்குக் கருத்துரைக்கும் வசதியை அத்தளம் நீக்கியது. மே மாதம் முதல், நுழைவுச்சீட்டு வாங்கியது உறுதிசெய்யப்பட்ட பார்வையாளர்களின் மதிப்பெண்ணைத் தனியாகக் காட்டத் தொடங்கியது.

எதிர்த்திசையிலும் பிழைகள் நேர்ந்துள்ளன. அமெரிக்காவில் இணையவழி நுழைவுச்சீட்டு விற்கும் ஃபன்டாங்கோ தளம் 4.1 என்னும் சராசரியை 4.5 நட்சத்திரமாகக் காட்டுவது போல, எப்போதும் மேல்நோக்கியே முழுமைப்படுத்தி வந்ததை ஃபைவ்தர்ட்டிஎய்ட் இதழ் 2015 இல் வெளிப்படுத்தியது. நிறுவனம் இதனை மென்பொருட் பிழை என்று விளக்கியது. மதிப்பெண் காட்டுபவரே சீட்டு விற்பவராகவும் இருக்கும்போது கவனம் தேவை என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

சட்டமும் கருத்துரிமையும்

முதல் நாள் வெளியாகும் மதிப்பெண்களும் திறனாய்வுகளும் வசூலைப் பாதிப்பதாகப் படத்தயாரிப்பாளர்கள் முறையிட்டு வருகின்றனர். கேரள உயர்நீதிமன்றத்தில் 2023 இல் இத்தகைய வழக்கு விசாரணைக்கு வந்தது. நீதிமன்றத்துக்கு உதவ அமர்த்தப்பட்ட வழக்கறிஞர், படம் வெளியாகி 48 மணி நேரத்துக்குத் திறனாய்வுகளைத் தவிர்க்கலாம் என்று 2024 இல் பரிந்துரைத்தார். 2024 இறுதியில் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கமொன்று, முதல் மூன்று நாட்களுக்குத் திறனாய்வுகளைத் தடை செய்யக் கோரிச் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகியது. திறனாய்வு கருத்துரிமையின்பாற்பட்டது என்று சுட்டி, அத்தகைய பொதுத்தடையை விதிக்க நீதிமன்றம் மறுத்தது.

இச்சிக்கலில் இருதரப்பு நியாயங்களும் உள்ளன. பலரின் உழைப்பும் கடன்பட்ட முதலீடும் அடங்கிய படம், பார்க்காதவர்களின் அவதூறால் ஓரிரு நாளில் முடங்கிவிடக்கூடும். அதேவேளையில், பணம் கொடுத்துச் சீட்டு வாங்கியவர் தாம் கண்டதைக் கூறும் உரிமையுடையவர். அடுத்து வாங்கவிருப்பவருக்கு அக்கருத்து பயன்படுவதும் முதல் நாட்களிலேயே ஆகும்.

பரிந்துரை முறைகளும் தனியுரிமையும்

திரட்டப்பட்ட மதிப்பெண்கள், ஒருவருக்கு எப்படம் பிடிக்கும் என முன்கூட்டியே கணிக்கவும் பயன்படுகின்றன. மினசோட்டா பல்கலைக்கழகம் 1997 இல் தொடங்கிய மூவிலென்ஸ் திட்டம் இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. 2006 இல் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம், ஏறத்தாழ 4,80,000 பயனர்கள் 17,770 படங்களுக்கு இட்ட பத்துக் கோடிக்கும் மேற்பட்ட மதிப்பெண்களை வெளியிட்டது. தனது கணிப்பின் துல்லியத்தைப் பத்து விழுக்காடு மேம்படுத்துவோருக்குப் பத்து இலட்சம் டாலர் பரிசும் அறிவித்தது. 2009 இல் ஒரு கூட்டுக்குழு பரிசை வென்றது.

வெளியிடப்பட்ட தரவில் பயனர்களின் பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன. எனினும் டெக்சாசு பல்கலைக்கழகத்தின் ஆசுட்டின் வளாக ஆய்வாளர் இருவர், ஐஎம்டிபியில் வெளிப்படையாக இடப்பட்ட மதிப்பெண்களுடன் ஒப்பிட்டுச் சிலரை அடையாளம் காண முடியும் என்று காட்டினர். எட்டுப் படங்களுக்கான மதிப்பெண்ணும் தோராயமான தேதியும் தெரிந்தால், அவற்றுள் இரண்டு தவறாக இருப்பினும், பெரும்பாலான பயனர்களின் பதிவைத் தனித்துப் பிரித்தறியலாம் என்பது அவர்களது முடிவு. ஒருவர் விரும்பிய படங்களின் வரிசை அவரது அரசியல், சமய, குடும்ப நிலைகளையும் குறிப்பால் உணர்த்தக்கூடும் என்பதால் இது கவலைக்குரியதாயிற்று. வழக்கு ஒன்றைத் தொடர்ந்து, திட்டமிட்டிருந்த இரண்டாம் போட்டியை நிறுவனம் 2010 இல் கைவிட்டது. 2017 இல் அந்நிறுவனம் நட்சத்திர முறையை நீக்கி விரற்குறி முறைக்கு மாறியது.

மதிப்பெண்ணைப் புரிந்துகொள்ளுதல்

ஒரு படத்தின் மதிப்பெண்ணைப் பார்க்கும்போது பின்வரும் கேள்விகளை எழுப்புவது பயனளிக்கும்.

அது சராசரியா, ஒப்புதல் விழுக்காடா, எழுத்துத் தரமா? எத்தனை பேர் வாக்களித்தனர்? அவர்கள் திறனாய்வாளர்களா, முதல் நாள் ரசிகர்களா, பொதுப் பார்வையாளர்களா? மதிப்பெண்கள் நடுவில் குவிந்துள்ளனவா, இரு முனைகளில் பிரிந்துள்ளனவா? காட்டுபவருக்கு விற்பனை நோக்கம் உண்டா?

இவற்றுள் நான்காவது கேள்வி பலரால் கவனிக்கப்படுவதில்லை. ஐஎம்டிபி, லெட்டர்பாக்ஸ்டு ஆகிய தளங்கள் ஒவ்வொரு படிக்கும் எத்தனை வாக்குகள் என்பதைப் பட்டை வரைபடமாகக் காட்டுகின்றன. இரு முனைகளிலும் உயர்ந்து நடுவில் தாழ்ந்த வரைபடம், படம் கருத்து வேறுபாட்டை எழுப்பியதையோ மதிப்பெண் தாக்குதலுக்கு உள்ளானதையோ குறிக்கலாம். சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவராது.

மதிப்பெண்ணுடன் காரணமும் எழுதப்படும்போது அதன் பயன் பன்மடங்காகிறது. 'இரண்டாம் பாதி மெதுவாக நகர்கிறது' என்று எழுதி ஒருவர் ஐந்து மதிப்பெண் இடுகையில், நிதானமான படங்களை விரும்பும் மற்றொருவர் அதே வரியைப் படித்துத் திரையரங்குக்குச் செல்லக்கூடும். ஐந்து என்னும் எண் மட்டும் இருந்திருப்பின் அவர் அப்படத்தைத் தவறவிட்டிருப்பார். கதையின் முக்கியத் திருப்பங்களை வெளிப்படுத்தாமல் காரணம் கூறுவது ஆர்வலர்களிடையே பேணப்படும் நெறியாகும்.

இவற்றையும் பார்க்க

திரைப்படத் திறனாய்வு
கூட்டுச் சராசரி
திட்ட விலக்கம்
கருத்துக்கணிப்பு
பரிந்துரை முறைமை